தானாக அடுக்கிக்கொண்ட பச்சை

"கண்ணத் தொறக்கக் கூடாதும்மா, மருந்து நல்லா எறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண் அடுத்த நாற்காலிக்குப் போனாள். பிலோமினா கண்களை இறுக்கிக்கொண்டாள். மூடினால் இருட்டிவிடும் என்றுதான் எண்ணியிருந்தாள், இருட்டவில்லை. கூடத்தின் டியூப்லைட் வெளிச்சம் இமைத்தோலைத் துளைத்துக்கொண்டு வந்து உள்ளே செங்காவியாய்ப் பரவி நின்றது. நடுவில் மட்டும் ஒரு சாம்பல் திட்டு. அது இங்கேயும் இருக்கிறதா, கண்ணை மூடினாலும் விடாதா? மருந்தின் கசப்பு மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கியது. மகள் ரொசிட்டா பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து, "அம்மா, ஆபீஸ்ல இருந்து போன். வெளிய நின்னு பேசிட்டு வந்திடறேன், நீ அசையாம இரு" என்றாள். அசையாமல் இருப்பதற்குத்தானே வந்திருக்கிறோம். தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு வந்து, இந்தக் கண் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் இருப்பதற்கு. போன மாதம் ஒருநாள் சமையலறை ஜன்னல் கம்பி வளைந்திருந்தது. யாரோ திருடன் நெளித்துவிட்டான் என்று கணவர் லாரன்ஸைக் கூப்பிட்டாள். அவர் முழங்கால் வலியோடு வந்து தடவிப் பார்த்துவிட்டு, "நேராத்தான பிலோ இருக்கு?" என்றார். நேராகத்தான் இருந்தது. கம்பியைத் தவிர வேறேதோ வளைந்திருக்கிறது என்று அப்போது புரிந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி, எத்தனை ஆயிரம் பெண்களை மைக்ராஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லியிருப்பாள். இடது கண்ணால் பாரு, வலது கண்ணைத் திறந்தே வைத்திரு என்பாள். இப்போது எந்தக் கண்ணால் பார்ப்பது, எதைத் திறந்து வைப்பது?

"ம்க்கும், இஞ்ச பாரு மக்கா, எரியும்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் தாங்கிக்கிடுவேன்லா. சொல்லாம ஊத்துனா எப்பிடி?" எதிர் வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. நர்ஸ் சிரித்தாள். அவரும் சிரித்தார், மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு, கிணற்றில் வாளி மோதுகிற மாதிரி. பிலோமினாவின் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்தது. சகாயம். பேசத் தொடங்குமுன் ஒரு ம்க்கும், அந்த மக்கா, அந்த உள்மூச்சுச் சிரிப்பு. இருக்காது. எத்தனை பேருக்கு நாகர்கோவில் பேச்சு இருக்கும், எத்தனை பேர் தொண்டையைச் செருமுவார்கள். ஆனால் சிரிப்பு? கண்ணைத் திறந்து பார்த்துவிடலாமா என்று ஒரு கீற்றுத் திறந்தாள். வெள்ளைச் சட்டை, அதன் மேல் ஒரு தலை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சாம்பல் திட்டு சரியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. பார்வையை நகர்த்தினால் திட்டும் நகர்ந்தது. பக்கத்துச் சுவரிலிருந்த அறிவிப்புப் பலகை தெரிந்தது, ஃபேன் தெரிந்தது, அவர் காதுகூடக் கொஞ்சம் தெரிந்தது. முகம் மட்டும் இல்லை. "அம்மா, தொறக்காதீங்கன்னு சொன்னேன்ல" என்றாள் நர்ஸ். மூடிக்கொண்டாள்.

சகாயம் என்கிற தேவசகாயம் அவளோடு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவன். மதுரையில் நாச்சியப்பன் சாரிடம் அவர்கள் இரண்டு பேர்தான் அந்த வருஷத்து மாணவர்கள். தூத்துக்குடி உப்பளங்களின் ஓரமாக ஓடுகிற வாய்க்காலிலிருந்து சேறு எடுத்து வரவேண்டும் என்று சார் சொன்னார். மேலே பழுப்பு, அதன் கீழே ரோஜாச் சிவப்பு, அதற்கும் கீழே கண்ணுக்கு எட்டாத ஒரு பச்சை, அடியில் மையாய்க் கறுப்பு. கறுப்பிலிருந்து அழுகின முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றத்தைத் தின்றுகொண்டு, காற்றே இல்லாத இடத்தில், மேலே இருக்கிற எல்லாரும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் கசிகிற வெளிச்சத்தில் பிழைக்கிற பச்சை நுண்ணுயிர்தான் அவர்களுக்கு வேண்டும். டப்பாவோடு பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போய்விடுவார்கள். ஒருமுறை கண்டக்டர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன சார் கொண்டு போறிய, செத்ததா?" என்று கேட்டார். சகாயம் ம்க்கும் என்றுவிட்டு, "இல்லண்ணே, உசுரோடதான் இருக்கு. காத்துப் பட்டாத்தான் சாவும்" என்றான். அன்றைக்கு இருவருக்கும் ஆளுக்கொரு ஜன்னல், இஷ்டம்போல் சீட். அருப்புக்கோட்டை தாண்டும்வரை சிரித்தார்கள். விடுதியில் அவள் தலைமுடியிலிருந்து அந்த நாற்றம் போக சீயக்காயும் காணாது, எலுமிச்சையும் காணாது. சாப்பாட்டு மேசையில் தோழிகள் தள்ளி உட்கார்ந்தார்கள். அவளுக்கு அது ஒரு மாதிரி பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அந்த நாற்றத்தை நினைவில் கொண்டுவர முடிகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். டெட்டால் வாசம்தான் வந்தது.

கழுத்து வரை நிரப்பி இறுக மூடிய கண்ணாடிப் புட்டிகள், பழுப்புக் காகிதம் சுற்றிய ஒரு குண்டு பல்பு. சகாயம்தான் காகிதத்தை ஒவ்வொரு சுற்றாகக் கூட்டுவான். வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்கப் புட்டி கறுகறுவென்று பச்சை கூடும். "பாத்தியா பிலோ, கொடுக்கத குறைச்சா இது பை பையா கட்டி வைக்குது" என்பான். அந்தப் பைதான் அவர்களுடைய விஷயமே. ஒவ்வொரு நுண்ணுயிரின் உள்தோலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னஞ்சிறு பைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் லட்சக்கணக்கில் பச்சை நிறமித் துகள்கள். வெளிச்சம் ஒரு துகள்மேல் விழுந்தால் கைமாறிக் கைமாறி உள்ளே போய்ச் சேரும். செடிகளில் என்றால் ஒவ்வொரு நிறமியையும் புரதம் பிடித்து இன்ன இடத்தில் நில் என்று நிறுத்தி வைத்திருக்கும். இந்தப் பைக்குள் அப்படி நிறுத்துகிற புரதத்தைத் தேடித் தேடிச் சலித்துப்போனார்கள். சார் கையைப் பிசைந்தார். ஒரு வேலை சரியாக வரவில்லை என்றுதான் அன்று மத்தியானம் அவள் சோதனைக் குழாய்களைக் கழுவ உட்கார்ந்தாள். நுண்ணுயிரை உடைத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, புரதத்தை எல்லாம் வடித்துப் போட்டு எடுத்த சாறு. உயிரோடு இருந்தபோது பாசிப்பச்சையாக இருந்தது, ஸ்பிரிட்டில் நீலம் ஓடிய பச்சையாகிவிட்டிருந்தது. அதில் தண்ணீர் விட்டாள். கொட்டுவதற்காகத்தான் விட்டாள். குழாய்க்குள் நீலம் வடிந்துபோய், அடியிலிருந்து மேலாகப் பாசிப்பச்சை ஏறியது. செத்து, உடைந்து, கலைந்து போனது, யாரும் ஒன்றும் சொல்லாமல், பிடித்து நிறுத்த ஒரு புரதமும் இல்லாமல், பழைய வரிசைக்குத் திரும்பி நின்றது. அவள் கத்தினாள். சகாயம் மேசைமேல் இருந்த டீயைத் தட்டிவிட்டு ஓடிவந்தான். இரண்டு பேரும் குழாயை, எந்த நிற வெளிச்சத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று வரைந்து காட்டுகிற நிறமாலைக் கருவிக்குள் வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேனா காகிதத்தில் ஊர்ந்து, பழைய இடத்தைத் தாண்டி, சிவப்புக்கும் அந்தப் பக்கம் போய், ஒரு மலையை எழுப்பியது. உயிருள்ள நுண்ணுயிர் எங்கே எழுப்புமோ அங்கேயே. "தானாப் போய் நிக்குது," என்றான் சகாயம், "ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு தானாப் போய் நிக்குது பிலோ." அவன் மணிக்கட்டில் டீ வழிந்துகொண்டிருந்தது. சுட்டதா என்று அவள் கேட்கவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

காதலா என்று கேட்டால்? யார் கேட்டார்கள். யாரும் கேட்டதில்லை, அவளே கேட்டுக்கொண்டதுதான், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும், லாரன்ஸ் கப்பலில் இருந்த மாதங்களில், தலை நரைத்த பிறகும். பதில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போய்த் தட்டி நின்றது. அவனோடு வீடு, பிள்ளை, குடும்பம் என்று அவள் கற்பனை செய்துகூடப் பார்த்ததில்லை. அது வேறு. ஒரே நொடியில் ஒரே பொருளை இரண்டு பேர் பார்த்தார்கள், உலகத்தில் அந்த நொடியில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை, அப்படி அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நினைப்பு மழைக்காலம் வரை நீடித்தது. நூலகத்தில் தாமதமாக வந்து சேர்ந்த வெளிநாட்டுச் சஞ்சிகையில் அதே பச்சை, அதே மலை, அதே முடிவு. அவர்களுக்கு முன்பே, வேறு எங்கோ, வேறு யாரோ. நாச்சியப்பன் சார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்து, "பரவாயில்லப்பா, நீங்க சரியாத்தான் பாத்திருக்கீங்க. அதுவே பெரிசு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். சகாயத்துக்கு அந்தப் பரவாயில்லைதான் தாங்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறேன் என்று போனான். புட்டிகளின் பல்பை அணைத்துவிடாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். வரவில்லை. மஸ்கட்டில் இருக்கிறான் என்றார்கள், வடகிழக்கில் எங்கோ பள்ளி வாத்தியார் என்றார்கள், சாமியாருக்குப் படிக்கிறான் என்றுகூட ஒருவர் சொன்னார். அவள் பல்பை அணைக்கவில்லை. ஆராய்ச்சியை வேறு தலைப்பில் முடித்து, கல்லூரியில் சேர்ந்து, நுண்ணுயிரியலில் பன்னிரண்டாவது பாடமாக வருகிற அந்தப் பச்சையை வருஷத்துக்கு ஒருமுறை, பரீட்சைக்கு வராது என்று தெரிந்த பெண்களுக்கு நடத்தினாள்.

அதற்குப் பிறகு எவ்வளவு தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரியுமோ என்னமோ. அந்த நிறமிகள் எப்படி நிற்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டார்கள், சகாயம். பாயைச் சுருட்டின மாதிரி, சுருளுக்குள் சுருள், அதற்குள் இன்னொரு சுருள். ஒரு பை மாதிரி இன்னொரு பை இருக்காதாம், ஒவ்வொன்றிலும் அடுக்கு கொஞ்சம் வேறு. ஒழுங்கில்லாமலே வேலை நடக்கிறது. அப்புறம் கருங்கடல் ஆழத்தில் இதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நம் கண்ணுக்கு அங்கே கும்மிருட்டு. அதில் எப்போதாவது ஒரு துளி வெளிச்சம் வந்து விழுமாம், அதை வைத்து ஒன்று இரண்டாவதற்கே வருஷக்கணக்கில் ஆகுமாம். நம்புவாயா? நீ கொஞ்சம் இருந்திருந்தால். இல்லை, இருந்திருந்தால் என்று தொடங்கக் கூடாது. அவனைப் பார்த்தால் இருந்திருந்தால் என்று தொடங்கவே கூடாது. எப்படித் தொடங்குவது? "சகாயம்தானே?" என்று கேட்டுவிடலாம், எதிர் வரிசைதான். கேட்டு, இல்லை என்று அவர் சொல்லிவிட்டால்? கேட்காத வரைக்கும் அவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான், ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறான், வயசாகியிருக்கிறான், கண்ணில் மருந்து எரிகிறது என்று சண்டை போடுகிறான். கேட்டால் போய்விடுவான். போகட்டும் என்று ஒரு மனசு. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று ஒரு மனசு. அவன் முகம் எப்படி இருக்கும்? நெற்றியிலிருந்து தொடங்கினாள். நெற்றி வந்தது, காது வந்தது, டீ வழிந்த மணிக்கட்டு தெளிவாக வந்தது, அதில் கறுப்பு வாரில் ஒரு கைக்கடிகாரம். முகம் வரவில்லை. திகைத்துப்போனாள். இது கண்ணின் கோளாறா, இல்லை முன்னமே போய்விட்டதா, எந்த வருஷத்தில் போனது, தெரியாமலே எப்படிப் போகும்? லாரன்ஸின் முகத்தை அவசரமாகக் கொண்டுவந்து பார்த்தாள், இருந்தது. ரொசிட்டா, இருந்தாள். அம்மா, சவப்பெட்டிக்குள் வைத்த முகமாக இருந்தது. நாளைக்கு இந்தத் திட்டு பெரிதாகிவிட்டால் எல்லார் முகத்தையும் இப்படி உள்ளேயிருந்துதான் எடுக்கவேண்டும். எடுக்கப் போனால் மணிக்கட்டும் காதுமாகத்தான் வருமா?

"பிலோமினா லாரன்ஸ், உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள். ரொசிட்டா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எதிர் வரிசையைக் கடக்கும்போது அந்த வெள்ளைச் சட்டை காலை இழுத்து வழிவிட்டது. இப்போது கேட்டிருக்கலாம். உள்ளே தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னார்கள், பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். புள்ளி எங்கே என்று தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. டாக்டர் சின்ன வயசுப் பெண், பொறுமையாகப் பேசினாள். இடது கண் விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிவிட்டது, அது திரும்பாது. வலதிலும் இப்போது நடுவில் நீர் கோத்து மறைக்கத் தொடங்கியிருக்கிறது, மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட்டால் நிறுத்திவைக்கலாம். "முழுசா இருட்டாயிடுமா டாக்டர்?" என்று ரொசிட்டாதான் கேட்டாள், குரல் உடைந்து. "இருட்டாகாதும்மா. ஓரப் பார்வை போகாது. நடக்கலாம், சமைக்கலாம். படிக்கிறதும், ஆளோட முகம் பாக்கிறதும்தான் சிரமம். அதுக்குத்தான் வலது கண்ணக் காப்பாத்தணும்." பிலோமினா தலையாட்டினாள். ஒரு மாதமாக அவள் பயந்தது இருட்டை. அது இல்லை என்று ஆனதும் உடம்பு தளர்ந்து, தளர்ந்த இடத்தில் வேறொரு வலி மெதுவாக வந்து அமர்ந்தது. முகம் பாக்கிறது. ஊசி வலிக்குமா என்று கேட்டாள். மரத்துப்போகச் சொட்டு விடுவோம், கொஞ்சம் அழுத்துகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான் என்றாள் டாக்டர். வரும் திங்கள்கிழமை முதல் ஊசி.

வெளியே வந்தபோது கூடம் முழுக்கப் பாலில் கரைத்த மாதிரி வெள்ளை. ரொசிட்டா மருந்து வாங்கப் போனாள். பிலோமினா கையால் நாற்காலி முதுகுகளைத் தடவிக்கொண்டு எதிர் வரிசைக்கே போய், வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சகாயமா?" என்றாள். "ம்க்கும்" என்றது அந்தக் குரல், "ஆரு? எனக்கும் கண்ணு தெரியல்லம்மா. நான் அணஞ்சபெருமாள். ஆரல்வாய்மொழி. செங்கல் சூளை வச்சிருந்தேன்." சகாயம் போய்விட்டான். "மன்னிச்சிருங்க, தெரிஞ்சவர்னு நெனச்சேன். குரல் அப்பிடியே இருந்தது." "அதுக்கென்ன. ஆரு அந்தச் சகாயம்? தம்பியா?" "இல்ல. கூடப் படிச்சவன்." "இப்ப எங்க?" "தெரியாது." அவர் நாற்காலியில் அவள் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். பிறகு, "எனக்கு இன்னொரு சொட்டு விடணுமாம், இன்னும் நேரமாகும். அவன்ட்ட என்ன சொல்ல நெனச்சியோ அத என்ட்ட சொல்லும்மா. சும்மாத்தானே இருக்கேன்" என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவள் சொன்னாள். வாய்க்கால் சேறு, பஸ் நாற்றம், புட்டி, நீலம் போய்ப் பச்சை ஏறியது, பேனா எழுப்பிய மலை, தாமதமாக வந்த சஞ்சிகை, சுருளுக்குள் சுருள், கருங்கடல். வார்த்தை தட்டாமல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் நடுவில் ஒரே இடத்தில்தான் நிறுத்தினார். "கலைச்சுப் போட்டாலும் திரும்ப நிக்குதுன்னியே, ஒரு தடவையா, எப்பவுமா?" "எப்பவும். எத்தனை தடவை கரைச்சாலும்." "சரி, சொல்லு." முடித்தபோது அவர், "அந்தப் பய இத இப்பக் கேட்டா என்ன சொல்லுவான்?" என்றார். பிலோமினாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "'நாம அன்னைக்கே சொன்னோம்லா'ன்னு சொல்லுவான்." அணஞ்சபெருமாள் மூச்சை உள்ளே இழுத்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். நர்ஸ் சொட்டு மருந்தோடு வந்து அவர் தலையைச் சாய்த்தாள்.

ஆட்டோவில் ரொசிட்டா கறுப்புக் கண்ணாடியை அம்மாவுக்கு மாட்டிவிட்டாள். கொஞ்ச தூரம் போனதும், "யாரும்மா அவரு?" என்றாள். "அணஞ்சபெருமாள். ஆரல்வாய்மொழி." "முன்னாடியே தெரியுமா?" "இல்ல." "நான் மருந்த வாங்கிட்டு வந்து பின்னாடிதான் நின்னேன். பாதியிலேருந்து கேட்டேன்." ரொசிட்டா தயங்கினாள். "அந்தப் பச்ச நிறம், அந்தச் சகாயம் மாமா, ஒண்ணுமே நீ எங்கிட்ட சொன்னதில்லையேம்மா." "சொல்லியிருக்கேனே" என்றாள் பிலோமினா. "எப்ப?" எப்போது. அடுப்படியில் சொல்லியிருக்கிறாள், கல்லூரி பஸ்ஸில், தேர்வு அறையில் பிள்ளைகள் எழுதும்போது, துணி காயப்போடும்போது, கோயிலில் பிரசங்கம் நீளும்போது. சொல்லாத நாள் இல்லை. ஒவ்வொரு முறையும் மனசுக்குள் எதிரே நின்று கேட்டவன் அவன்தான். லாரன்ஸ் இல்லை. இந்தப் பெண் இல்லை. இத்தனை வருஷம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவளின் வாய், வீட்டில் ஒருநாளும் திறந்திருக்கவில்லை. அவள் மகளை நேராகப் பார்த்தாள். திட்டு வந்து மறைத்தது. தலையைக் கொஞ்சம் திருப்பினாள். ஓரத்தில் ரொசிட்டாவின் கன்னமும், தோடும், காற்றில் பறக்கிற முடியும் வந்தன. "இல்ல," என்றாள், "ஒங்கிட்ட சொல்லல." ரொசிட்டா போனைப் பைக்குள் போட்டுவிட்டு நெருங்கி உட்கார்ந்தாள். "மொதல்லேருந்து சொல்லு." பாலத்தின் மேல் ஆட்டோ கடகடத்தது, பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது. மகளுக்குக் கேட்கவேண்டுமே என்று பிலோமினா குரலை உயர்த்தி, டிரைவரும் திரும்பிப் பார்க்கும்படி, உரக்கவே ஆரம்பித்தாள்.